கஞ்சிரா ஹரிசங்கர்: ஒரு கை சொன்ன பதில்

கல்ச்சுரல்ஸ் சமயத்துல காலேஜ் பேண்ட் ஸ்டேஜ் ஏறினதும் முதல்ல யாரைப் பார்ப்பீங்க? பாடுறவங்களை. அப்புறம் கிட்டார். டிரம்ஸ் வாசிக்கிறவன் பின்னாடி, சிம்பலுக்கு நடுவுல தலை மட்டும் தெரியுற மாதிரி உட்கார்ந்திருப்பான். அவன் ரெண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டா பாட்டு அங்கேயே படுத்துடும். இது பேண்டுக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது.

கர்நாடக சங்கீத மேடையில அவனை விடவும் பின்வரிசைக்காரர் ஒருத்தர் உண்டு. பாடகர், வயலின், மிருதங்கம் எல்லாம் முடிஞ்சு கடைசியா வர்ற பெயர் அவருடையது. வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். அதுக்கும் அடுத்த படியில கஞ்சிரா, கடம், மோர்சிங். இவற்றை "உபபக்கவாத்தியம்"னு சொல்வாங்க. பக்கத்துக்கும் பக்கம்!

அந்தக் கடைசி இடத்துல உட்கார்ந்து, கேட்கிறவங்க காதை எல்லாம் தன் பக்கம் திருப்பினவர் ஜி. ஹரிசங்கர். பிறந்தது 1958 ஜூன் 10. இறந்தது 2002 பிப்ரவரி 11. வயசு 43. நம்மள்ல பலர் அவர் இறந்த பிறகு பிறந்தவங்க. இந்தக் கட்டுரை அவரைப் பத்தியும், அவர் கை என்ன செஞ்சதுங்கிறதைப் பத்தியும். சங்கீதம் தெரியாதவங்களும் படிக்கலாம். கைதட்டவும் 32 வரைக்கும் எண்ணவும் தெரிஞ்சா போதும்.

முதல்ல கருவி

மதுரையில வளர்ந்தவங்களுக்குத் தோல் கருவி புதுசு இல்ல. பழங்காநத்தத்துல ஒரு வருஷம் குடியிருந்தாலே போதும். சாமி ஊர்வலத்துக்குத் தவில், கோயில் கொடைக்கு உறுமி, பறைன்னு எல்லாம் காதுக்கு வந்துடும். ஆனா கஞ்சிராவை நேர்ல பார்த்தவங்க நம்மள்ல ரொம்பக் கொஞ்சம்.

பலாமரத்துல செஞ்ச ஒரு சின்ன வளையம். விட்டம் ஏழு முதல் ஒன்பது அங்குலம். நம்ம மெஸ் தட்டை விடச் சின்னது. ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறந்தே இருக்கும். வளையத்தின் பக்கவாட்டுல ஒரே ஒரு துளை, அதுல ரெண்டு மூணு உலோகச் சில்லுகள். பழைய காசுகளையே கோத்து வைப்பதும் உண்டு. அவ்வளவுதான் கருவி. இடது கை இதைப் பிடிச்சிருக்கும். அதனால வாசிக்க மிச்சமிருப்பது வலது கை மட்டும்.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளைன்னும் எழுதுவாங்க. சமஸ்தானத்துல விளக்குப் பிடிக்கிற வேலையில இருந்தவர், தவில்காரர் ஒருவர்கிட்ட லயம் கற்றார்னு சொல்வாங்க. பஜனையிலும் தெருவிலும் இருந்த ஒரு சின்னக் கருவி, அவர் கையால 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில வித்வான்கள் பக்கத்துல போய் உட்கார்ந்தது. அவர் வழியில வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளை, அடுத்த தலைமுறையில பழனி சுப்பிரமணிய பிள்ளை, இவங்க எல்லாம் மிருதங்கத்தோட கஞ்சிராவும் வாசிச்ச பெரிய கைகள். புதுக்கோட்டைப் பாணின்னாலே கணக்கு வழக்குல கறார்னு பேர்.

ஈரம், இழுவை, சுருதி

இப்போ கொஞ்சம் பிசிக்ஸ். இழுத்துக் கட்டின ஒரு தோலின் அதிர்வெண் ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: இழுவிசை, பரப்படர்த்தி. இழுவிசை கூடினா சுருதி ஏறும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எடை கூடினா சுருதி இறங்கும்.

கஞ்சிரா காய்ஞ்ச நிலையில கீச்சுன்னு கத்தும். அதனால வித்வான் உள்பக்கமா விரலால கொஞ்சம் தண்ணி தெளிப்பார். தோல் நனைஞ்சதும் தளரும், எடையும் ஏறும். ரெண்டும் ஒரே திசையில வேலை செய்யறதால சத்தம் கும்முன்னு கீழே இறங்கும். ஏசி ஹால்லயும் மேடை விளக்குச் சூட்டுலயும் அந்த ஈரம் காய்ஞ்சுக்கிட்டே போகும், சுருதியும் ஏறிக்கிட்டே போகும். தண்ணி அதிகமாயிட்டா காயற வரைக்கும் சத்தம் செத்துப்போகும். ஆக, வாசிக்கிறவர் கச்சேரி முழுக்க ஒரு பக்கம் தாளத்தையும் மறு பக்கம் ஈரத்தையும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.

மிருதங்கத்துக்கு இந்தக் கஷ்டம் இவ்வளவு இல்ல. அதன் வலந்தலையில நடுவுல இருக்கிற கருப்பு வட்டம், சாதாரணத் தோல்ல ஒழுங்கில்லாம வர்ற மேலதிர்வுகளை சுருதிக்கு இசைவா வரிசைப்படுத்துது. இதை சர் சி.வி. ராமன் 1920-லேயே ஆராய்ந்து 'நேச்சர்' இதழ்ல எழுதியிருக்கார். கஞ்சிராவுக்கு அந்த வட்டம் கிடையாது, நிலையான சுருதியும் கிடையாது. ஆனா இந்தக் குறையிலிருந்தே ஒரு வசதியும் பிறக்குது. பிடிச்சிருக்கிற இடது கை விரல்களால விளிம்பு ஓரமா தோலை அழுத்தினா இழுவிசை கூடும், சத்தம் வளைஞ்சு மேலே ஏறும். விட்டா இறங்கும். மிருதங்கத்தின் இடது பக்கத்துல "கும்கி"ன்னு கேட்கிற அந்த உருண்டையான சத்தத்தை, பிடிச்ச கையாலேயே கொண்டு வரலாம்.

பழைய கஞ்சிராக்கள்ல கட்டினது உடும்புத் தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிர். அதனால இப்போ ஆட்டுத்தோல், செயற்கைத் தோல்னு மாறிட்டு வராங்க. சரியான மாற்றுப் பொருள் எதுங்கிறது இன்னும் முடியாத கேள்வி. மெட்டீரியல்ஸ் படிக்கிறவங்க யாராவது பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடிட்டிருந்தா, எடுத்துக்கோங்க.

யார்கிட்ட கத்துக்கிட்டார்?

கோவிந்தராவ் ஹரிசங்கர் என்பது முழுப்பெயர். அவரை வளர்த்த ஆசிரியர்களில் முக்கியமானவர் ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி. மிருதங்க உலகில் அவர் ஒரு தூண். நம்ம ஊருக்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு. முருகபூபதியின் சகோதரர் சி.எஸ். சங்கரசிவம், மதுரையில் இருந்து பாட்டு சொல்லிக்கொடுத்தவர். மதுரை டி.என். சேஷகோபாலன் அவருடைய மாணவர். தம்பி, அண்ணன், அப்பான்னு வீடே லயத்துல ஊறின குடும்பம். அவங்க அப்பா சித்சபை சேர்வையும் மிருதங்க வித்வான்தான். ராமநாதபுரத்துல இருந்து ஒரு கிளை மதுரைக்குப் பாட்டா வந்தது, இன்னொரு கிளை ஹரிசங்கர் கைக்குத் தாளமா போனது.

இளம் வயசுலயே மேடை. பாலக்காடு மணி ஐயர் போன்ற மேதையோட வாசிச்ச அனுபவம். பிறகு காரைக்குடி மணியோட சேர்ந்து அமைஞ்ச ஜோடி. 1945-ல் பிறந்து 2023-ல் மறைந்த காரைக்குடி மணி, மிருதங்கத்துல கணக்கையும் நாதத்தையும் ஒண்ணா வச்சிருந்தவர். அவர் பக்கத்துல கஞ்சிரா வாசிக்கிறதுன்னா சும்மா ஒத்து ஊதுற வேலை இல்ல. ஏன்னு புரியணும்னா நாம ஒரு கணக்கு போட்டுப் பார்க்கணும்.

கையைத் தட்டுங்க

ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இது நாலு. அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இது நாலு. மொத்தம் எட்டு. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் "தகதிமி"ன்னு நாலு சொல் சொல்லுங்க. 8 × 4 = 32. இந்த 32 முடிஞ்சு மறுபடி முதல் தட்டு விழுற இடம் சமம். எங்கே சுத்தினாலும் வீடு வந்து சேர வேண்டிய இடம்.

இப்போ "ததிகிணதொம்"னு ஒரு சொல். த, தி, கி, ண, தொம். அஞ்சு. இதை மூணு தடவை சொல்லணும், நடுவுல ரெண்டு ரெண்டு எண்ணிக்கை இடைவெளி விடணும்:

5 + 2 + 5 + 2 + 5 = 19

சமத்துல போய்ச் சேரணும்னா எங்கே ஆரம்பிக்கணும்? 32 − 19 = 13. பதிமூணு சொல் விட்டுட்டு ஆரம்பிக்கணும். அதாவது:

தகதிமி தகதிமி தகதிமி த | ததிகிணதொம் . . ததிகிணதொம் . . ததிகிணதொம் | (சமம்)

சொல்லிப் பாருங்க. நடுவிரல் எண்ணிக்கை விழுந்து, அதுக்கு அடுத்த கால் பங்குல ஆரம்பிக்கும். எந்தத் தட்டுலயும் நேரா உட்காராது. கேட்கிறவனுக்கு ஆள் வழி தவறிட்டான்னு தோணும். மூணாவது "தொம்" முடிஞ்சதும் அடுத்த தட்டு டக்குன்னு சமத்துல விழும். முதல் தடவை சரியா வந்தா உங்களுக்கே சிரிப்பு வரும். இந்த மாதிரி முடிவைத்தான் தீர்மானம்னு சொல்வாங்க. நாம பார்த்தது பாலர் வகுப்புப் பாடம். வித்வான்கள் இதை ரெண்டு ஆவர்த்தனம், நாலு ஆவர்த்தனம் நீட்டி, நடையை மாத்தி, யோசிக்க நேரமில்லாத வேகத்துல வாசிப்பாங்க.

குறைப்பு: பதில் சொல்ற பரீட்சை

கச்சேரியின் கடைசிப் பகுதியில பாடகர் நிறுத்திட்டு லயக் கலைஞர்களுக்கு இடம் விடுவார். அது தனி ஆவர்த்தனம். சபா கேண்டீன்ல காபி விற்பனை சூடு பிடிக்கிற நேரமும் அதுதான்னு கிண்டல் பண்ணுவாங்க. எழுந்து போறவங்க எதை விட்டுட்டுப் போறாங்கன்னு பாருங்க.

முதல்ல மிருதங்கம் கொஞ்ச நேரம், அப்புறம் கஞ்சிரா கொஞ்ச நேரம். பிறகு குறைப்பு. மிருதங்கக்காரர் சில ஆவர்த்தனம் வாசிப்பார், கஞ்சிரா அதே அளவுக்குப் பதில் சொல்லணும். அடுத்த சுற்றுல அளவு பாதி. அதுக்கடுத்தது அதுலயும் பாதி. ஒரு ஆவர்த்தனம், அரை, கால்னு குறைஞ்சுக்கிட்டே வரும். கேள்வி என்னன்னு முன்கூட்டித் தெரியாது. கேட்டு முடிச்ச அதே விநாடியில பதில் தொடங்கியாகணும். எழுதிப் பார்க்கிறதுக்கு ரஃப் பேப்பர் கிடையாது.

கேள்வி கேட்கிறவருக்கு ரெண்டு கை. வலது பக்கம், இடது பக்கம்னு ரெண்டு தோல். பதில் சொல்றவருக்கு ஒரே தோல், ஒரே கை.

ஒரு உதாரணக் கணக்கு. தாளத்தின் ஒரு எண்ணிக்கை ஒரு விநாடின்னு வச்சுக்குவோம். அதுக்குள்ள எட்டு அடி விழுந்தா, அடிக்கும் அடிக்கும் நடுவுல 125 மில்லிசெகண்ட். மிருதங்கத்துல இதை ரெண்டு கை பங்கு போட்டா ஒவ்வொரு கைக்கும் விநாடிக்கு நாலு அடிதான். கஞ்சிராவுல எட்டையும் ஒரே கை அடிக்கணும்.

எப்படி முடியும்? கையைத் தூக்கித் தூக்கி எட்டு தடவை அடிச்சா முடியாது. மணிக்கட்டை அச்சா வச்சு, விரல் நுனி ஒரு தடவை, உள்ளங்கையின் அடிப்பகுதி ஒரு தடவைன்னு மாத்தி மாத்திப் படுற மாதிரி கையை ஆட்டணும், சீசா மாதிரி. ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு அடி. அப்போ விநாடிக்கு நாலு ஆட்டம் போதும். ஒரே கை ரெண்டு கையா பிரிஞ்சு வேலை செய்யுது. கொள்கை இவ்வளவுதான், ஒரு வரியில எழுதிடலாம். விரல் நுனிச் சத்தமும் உள்ளங்கைச் சத்தமும் ஒரே கனத்துல, ஒரே தெளிவுல வரணுங்கிறதுதான் வருஷக்கணக்கான சாதகம். மேசை மேல இப்பவே முயற்சி பண்ணுங்க. பத்து விநாடியில முன்கை வலிக்க ஆரம்பிக்கும்.

ஹரிசங்கரைக் கேட்டவங்க திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான்: மிருதங்கம் ரெண்டு கையால கேட்டதுக்கு அவர் ஒரு கையால பதில் சொன்னார். அதுவும் "ஏதோ சமாளிச்சார்"ங்கிற ரகத்துல இல்ல. இடது கை அழுத்தத்துல கும்கி வளையும், வேகச் சொற்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம முத்து முத்தா விழும், முடிவு சமத்துல வந்து நிக்கும். அதனால்தான் உபபக்கவாத்தியம்னு ஓரமா வச்சிருந்த கருவிக்கு, அவர் காலத்துல ரசிகர்கள் எழுந்து போகாம உட்கார்ந்து காத்திருந்தாங்க.

கூட வாசிக்கிறதுன்னா என்ன?

வேகத்தை மட்டும் பேசி முடிச்சா பாதிக் கதைதான் சொன்னதா ஆகும். வேகம்னா மெஷினும் வாசிக்கும்.

உங்கள்ல ராக் கேட்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். பங்க் அலை அடிச்சு ஓய்ஞ்சதும் இங்கிலாந்துல போஸ்ட்-பங்க்னு ஒரு அலை கிளம்பினது. 1978-ல் லிவர்பூல்ல தொடங்கின 'எக்கோ அண்ட் தி பன்னிமென்' குழுவுக்கு ஆரம்பத்துல டிரம்மரே கிடையாது, ஒரு டிரம் மெஷின் மட்டும்தான். 1979-ல் பீட் டி ஃப்ரெய்டாஸ்ங்கிற இளைஞர் அந்த இடத்துக்கு வந்தார். மெஷின் ஒரு தடவைகூடத் தாளம் தப்பாது. ஆனா பாடுறவன் மூச்சு வாங்குறது அதுக்குக் கேட்காது. அந்த டிரம்மர் 1989 ஜூன் 14 அன்னிக்கு மோட்டார் சைக்கிள் விபத்துல இறந்தார். வயசு 27.

லிவர்பூலும் மயிலாப்பூரும் வேற வேற உலகம். ஆனா டிரம்மர் வேலை ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்: அடிக்கிறதை விட அதிகமா கேட்கிறது. குறைப்புல வர்ற பதிலைக் கவனிச்சா இது புரியும். கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னா அது எதிரொலி. கேட்டதுல இருந்து ஒரு நூலைப் பிடிச்சு, ஒரு சொல்லை மட்டும் மாத்தி, எதிராளி அடுத்துக் கேட்க ஒரு இடம் வச்சுட்டுப் போனா அது உரையாடல். காரைக்குடி மணி, ஹரிசங்கர் பதிவுகள்ல நீங்க கேட்கப்போறது அந்த உரையாடலைத்தான். பாட்டு நடக்கும்போது ஹரிசங்கர் எங்கெல்லாம் வாசிக்காம இருக்கார்ங்கிறதையும் சேர்த்துக் கேளுங்க. ராகம் நெகிழ்ற இடத்துல கஞ்சிரா வாயை மூடிக்கும். அது தெரியாத கை எவ்வளவு வேகமா இருந்தாலும் மேடைக்கு இடைஞ்சல்.

43

ஒரு லயக் கலைஞருக்கு 43 என்பது எந்த வயசுன்னு யோசிங்க. கை பழுத்து, கணக்கு ரத்தத்துல இறங்கி, இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லைன்னு ஆகிற வயசு. பாலக்காடு மணி ஐயர் 1912 முதல் 1981 வரை வாழ்ந்தார். முருகபூபதி 80 வயசைத் தாண்டினவர். சீடர் குருவை விட்டு நாலு வருஷத்துக்குள்ள போயிட்டார். முருகபூபதி 1998-ல், ஹரிசங்கர் 2002-ல்.

இழப்பு எதுல இருக்குன்னு துல்லியமா சொல்லணும். பாடகர் போனா பாட்டு இருக்கும், அதை இன்னொருத்தர் எடுத்துப் பாடலாம். கஞ்சிராக்காரருக்கு "இது என் பாட்டு"ன்னு ஒண்ணும் கிடையாது. அவர் வாசிச்சதெல்லாம் அந்த ராத்திரி, அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான். ஒலிப்பதிவுல சத்தம் இருக்கும். மணிக்கட்டு எந்தக் கோணத்துல திரும்பினது, எந்த விரல் தோலை அழுத்தினது, எப்போ தண்ணி தெளிச்சார், இதெல்லாம் சத்தத்துல இருந்து ஊகிக்க வேண்டியதுதான். அந்த அறிவு கையில இருந்து கைக்குத்தான் போகும். கையைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவங்க மட்டுமே அடுத்தவங்களுக்குக் காட்ட முடியும்.

நல்ல வேளை, பார்த்தவங்க இருந்தாங்க. அவருக்குப் பின்னாடி வந்த கஞ்சிராக்காரங்க எல்லாரும், நேர்ல கத்துக்கிட்டாலும் சரி, கேசட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கேட்டாலும் சரி, அந்தக் கையைத் தாண்டி வர முடியாது. 2024-ல் சக்தி குழுவுக்கு 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்காக கிராமி கிடைச்சப்போ அந்த மேடையில இருந்த கருவிகள்ல வி. செல்வகணேஷின் கஞ்சிராவும் ஒண்ணு. புதுக்கோட்டையில விளக்குப் பிடிச்சவர் கையில தொடங்கி அங்கே வரைக்கும் வந்த ஒரு கயிறு அது. நடுவுல ஹரிசங்கர் போட்ட முடிச்சு இல்லாட்டி அவ்வளவு பாரம் தாங்கியிருக்குமான்னு தெரியல.

வீட்டுப்பாடம்

படிச்சதோட விட்டுடாதீங்க. மூணு வேலை.

ஒண்ணு: மேலே சொன்ன 19 கணக்கைத் தாளம் போட்டுச் சரியா முடிங்க. வந்ததும் இடைவெளியை ரெண்டுக்குப் பதிலா ஒண்ணாக்குங்க. 5 + 1 + 5 + 1 + 5 = 17. எங்கே ஆரம்பிக்கணும்னு நீங்களே கண்டுபிடிங்க. பழங்காநத்தம் ரவுண்டானாவுல பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் இதுக்குத் தாராளம்.

ரெண்டு: காரைக்குடி மணியும் ஹரிசங்கரும் வாசிச்ச ஒரு தனி ஆவர்த்தனத்தை யூடியூப்ல தேடி, ஹெட்போன்ல கேளுங்க. முதல் தடவை ஒண்ணும் எண்ண வேண்டாம். ரெண்டாவது தடவை கஞ்சிராவை மட்டும் பின்தொடருங்க. மூணாவது தடவை தாளம் போட்டுக்கிட்டே, குறைப்பு எங்கே தொடங்குதுன்னு பிடிங்க. அளவு பாதி பாதியா குறையறது காதுக்குத் தெரிய ஆரம்பிச்சா நீங்க தேறிட்டீங்க.

மூணாவதுதான் முக்கியம். உங்க தெருவுலயோ ஊர்லயோ தவில், உறுமி, பறைன்னு ஏதாவது வாசிக்கிற பெரியவர் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவர்கிட்ட போய் உட்காருங்க. அனுமதி கேட்டு, போனை அவர் கைக்கு நேரா வச்சு, பத்து நிமிஷம் மெதுவா வாசிக்கச் சொல்லி வீடியோ எடுங்க. முகம் வேண்டாம், மேடை வேண்டாம், கை மட்டும் தெளிவாத் தெரியட்டும். இந்தச் சொல்லை எந்த விரலால வாசிக்கிறீங்க, ஏன் அந்த விரல்னு கேளுங்க. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, இந்த ஞாயித்துக்கிழமையே போங்க.